தலைகீழாக ஒட்டிய ஆர்க்கிட்

அந்த அறையில் ஒரு காலத்தில் ஜன்னல்கள் இருந்தன. வெயில் பட்டால் காய்ந்த செடிகளின் நிறம் போகிறது என்று ஒன்றை அடைத்தார்கள். காற்றோடு பூச்சி வருகிறது என்று இன்னொன்றை அடைத்தார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது என்று மிச்சத்தையும் செங்கல் வைத்துப் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். அடைத்த இடங்கள் மட்டும் சுவரில் லேசாகப் புடைத்துக்கொண்டு தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பசை அக்கா அந்தப் புடைப்புகளை அடிக்கடி பார்ப்பாள். பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

அது ஒரு ஹெர்பேரியம். காட்டிலிருந்து பறித்து வந்த செடிகளை நசுக்கிக் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கிப் பாதுகாக்கும் இடம். அலமாரிகளைத் திறந்தால் ஒரு மலையையே மடித்து வைத்த மாதிரி இருக்கும். பெரிய படிப்பு படித்தவர்கள் வந்து லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். பார்ப்பதற்குச் செடி தாளில் நிற்க வேண்டும் அல்லவா? நிற்க வைப்பவள் அவள். பழைய செய்தித்தாள் மடிப்பைப் பிரித்து, காய்ந்த செடியை இடுக்கியால் எடுத்து, பின்பக்கம் பசை தடவி, தாளில் கிடத்தி, சின்ன மணல் மூட்டைகளை மேலே ஏற்றி உலரவிடுவது. தடித்த தண்டாக இருந்தால் ஊசி நூலால் தாளோடு சேர்த்துத் தைப்பது. காலையில் உட்கார்ந்தால் மாலையில் நிமிரும்போது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகப் பேசும்.

அவளுக்குப் 'பசை அக்கா' என்று பெயர் வைத்தவர் ஃப்ரீசர் அண்ணன். வயதில் அவளைவிட மூத்தவர்தான், ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான். நேரில் பேசும்போது மட்டும் தங்கச்சி. புதிதாக வரும் செடிக் கட்டுகளில் ஒளிந்திருக்கும் புழுப்பூச்சி சாகட்டும் என்று பெரிய ஃப்ரீசருக்குள் போட்டு எடுப்பது அவருடைய வேலை. கோடை வெயில் கொளுத்தும்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார். மூக்கு எப்போதும் சிவந்தே இருக்கும்.

"தங்கச்சி, ஒரு நாளாவது உன் சீட்ல என்னை உட்கார வையேன். நீ அங்க போய் கொஞ்சம் விறைச்சுக்கிட்டு வா" என்பார்.

"உங்க கை நடுங்குது அண்ணா. செடி பறந்துடும்."

"குளிர்ல நடுங்குது. பயத்துலயா நடுங்குது?"

சிரிப்பாள். ஆனால் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார விட்டதில்லை. பசை காய்ச்சும்போது பக்கத்தில் நிற்கவும் விட்டதில்லை. எல்லாரும் வருவதற்கு முன்னாலேயே வந்து, மாவைக் கரைத்து, காய்ச்சி, வடிகட்டி, கிண்ணத்தில் ஊற்றி மூடி வைத்துவிடுவாள். அவள் பசையில் ஒட்டிய இலை சுருங்காது, தாள் நெளியாது, பூச்சி கிட்டே வராது. "எப்படிம்மா?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்தான்" என்று சொல்லி மூடியைச் சாத்திக்கொள்வாள்.

அதற்குக் காரணம் உண்டு. அவளுடையது தற்காலிக வேலை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் தற்காலிகம்தான். வெள்ளந்தியான மனிதர், கேட்டவர்களுக்கெல்லாம் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். கற்றுக்கொண்டவர்கள் நிலைத்தார்கள், அவருக்கு வேலை போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள். பிடித்த கிளையை விட்டால் கீழே தாங்க ஒருவரும் இல்லை. விடாமல் பிடித்துக்கொள்வது ஒன்றே அவளுக்குத் தெரிந்த சாமர்த்தியம். தாவரவியல் படித்தால் காடு மேடெல்லாம் சுற்றலாம் என்றுதான் அந்தப் படிப்பையே எடுத்தாள். ஒவ்வொரு வருடமும் காட்டுக்குப் போகும் குழுவில் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பாள். ஒவ்வொரு வருடமும் ஹெர்பேரியத்தின் தலைவியான பெரிய மேடம் ஒரே பதிலைச் சொல்வார்:

"உன் கை வேற யாருக்கும் வராதும்மா. நீ போயிட்டா இங்க குவியுறதை யாரு ஒட்டுவா?"

அவள் பூரித்துப்போய்த் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். பாராட்டுத்தானே? பாராட்டில் எங்கே கதவு, எங்கே தாழ்ப்பாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

அந்த ஆர்க்கிட் வந்தது ஒரு மழைக்கால முடிவில். கொண்டுவந்தவர் காட்டான். பேரே அதுதான் போல ஆகிவிட்டது. செடி சேகரிப்பதற்காக ஆண்டில் பாதி நாள் மழைக்காட்டில் கிடப்பவர். தாடியில் எப்போதும் ஏதாவது ஒரு விதை சிக்கியிருக்கும். அந்த முறை கட்டுகளை ஃப்ரீசர் அறையில் தள்ளிவிட்டு, காய்ச்சலோடு நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மண்ணில் வளராத செடி அது. மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு மழையிலும் காற்றிலும் வாழ்கிற ஜாதி. அவள் மடிப்பைப் பிரித்தபோது முதலில் செடியென்றே தோன்றவில்லை. முற்றிய பீன்ஸ் காய்களைப் பிடித்துக் கை நீளத்துக்கு இழுத்துவிட்ட மாதிரி ஒல்லி ஒல்லியாக இலைகள், தாளுக்குள் அடங்காததால் மடக்கி மடக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு முனையில் வெள்ளை வேர்கள், பட்டைத் துணுக்கைக் கவ்வியபடியே. நடுவில் சின்னப் பூக்கள், ஒரு கொத்து. அந்த அலமாரிகளில் அதற்கு ஜோடி இல்லை. பூவோடு கிடைத்தது அந்த ஒன்றுதான்.

அவள் அதோடு நாள் முழுக்க மல்லுக்கு நின்றாள். வெந்நீர் ஆவி காட்டி இலைகளின் மடிப்புகளை நீவினாள். கீழே வேர், அதன்மேல் தண்டு, மேல்நோக்கி விரிந்த இலைகள். கிளைமேல் நிமிர்ந்து நிற்பது போல. வந்த செடியையெல்லாம் அப்படித்தானே ஒட்டியிருக்கிறாள்? ஆனால் பூக்கள் மட்டும் இடித்தன. ஆர்க்கிட் பூவில் ஒரு இதழ் மட்டும் உதடு போலத் தனியாக இருக்கும். பூச்சி வந்து உட்கார ஒரு திண்டு மாதிரி. அது கீழ்ப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். இதில் எல்லா உதடுகளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

'அமுக்கினப்போ திரும்பியிருக்கும், பாவம்' என்று நினைத்தாள்.

ஒவ்வொரு பூவாக நனைத்து, இளக்கி, இடுக்கி முனையால் மெதுவாகத் திருப்பி, உதட்டைக் கீழ்ப்பக்கமாக வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. ஒரு பூகூட உதிரவில்லை. மேடம் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடில வைக்கலாம் போல இருக்கே!" என்றார். சரிபார்த்ததற்கான முத்திரையும் வைத்தார்.

காய்ச்சல் தெளிந்து வந்த காட்டான், தாளைக் கையில் எடுத்தார். பார்த்தார். தாளைத் தலைகீழாகத் திருப்பினார். மறுபடி பார்த்தார். முகத்தில் சிரிப்பு தொடங்கி, பாதியில் நின்றது.

"இதைத் தலைகீழா ஒட்டியிருக்கீங்களே."

"கீழதானே சார் வேரு?"

"மேலம்மா! மேல கிளை, கிளையில வேரு. அங்கேருந்து இது தொங்கும். இலையெல்லாம் கீழ பார்த்துத் தொங்கும், அவுத்துவிட்ட கூந்தல் மாதிரி. சரி, பரவாயில்லை, தாளைத் திருப்பி வெச்சா ஆச்சுன்னு நினைச்சேன். ஆனா பூவுக்கு என்ன ஆச்சு? தாளைத் திருப்பினா உதடு மேல போயிடுதே. செடியில அப்படி இல்லையே."

அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. "நான்தான் சார் திருப்பினேன்."

"எதை?"

"பூவை. எல்லாத்தையும்."

ஃப்ரீசர் அண்ணன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லவேளை, மரத்தையும் கொண்டுவரல. அதையும் திருப்பியிருக்கும் நம்ம தங்கச்சி" என்றார். மேடம் சிரிக்கவில்லை. முத்திரை வைத்தது அவர்தானே. அவருக்கும் செடிகள் தாளில்தான் பழக்கம்.

பசையைக் கரைத்துச் செடியை எடுக்கப் பார்த்தார்கள். அவள் பசை அவ்வளவு சுலபத்தில் விடுமா? முதல் பூ தூளாகிப்போனதும் நிறுத்திவிட்டார்கள்.

"பூக்கிற காலம் முடியறதுக்குள்ள மறுபடி போகணும்" என்றார் காட்டான்.

அன்று சாயங்காலம் அவள் மேடத்தின் அறை வாசலில் நின்றாள். வழக்கமாகக் கேட்கும்போது தரையைப் பார்த்துக் கேட்பாள். அன்று நேராகப் பார்த்தாள்.

"மேடம், நான் இதுவரைக்கும் ஒரு செடியக்கூட அது வளர்ற இடத்துல பார்த்ததில்லை. எல்லாத்தையும் நானா யோசிச்சுத்தான் நிக்க வைக்கிறேன். இது ஒண்ணு மாட்டிக்கிச்சு. மாட்டாம எத்தனை அலமாரிக்குள்ள இருக்குன்னு எனக்கே தெரியல. நான் போகணும்."

மேடம் பேனாவை மூடினார். கோபக்காரர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"போகலாம். நீ வர்ற வரைக்கும் இங்க வேலை நிக்கக்கூடாது. யாருக்காவது கத்துக்கொடு. அவங்க ஒட்டினது எனக்குப் பிடிச்சா நீ கிளம்பு. ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். வேற ஒருத்தருக்கு இந்த வேலை வந்துடுச்சுன்னா, உன் போஸ்ட்டை நீட்டிக்கச் சொல்லி நான் மேல கேக்கறப்போ, எதுக்குன்னு கேப்பாங்க. அப்ப எங்கிட்ட பதில் இருக்காது."

காட்டுக்குப் போக வேண்டுமானால் நாற்காலியைப் பணயம் வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

*

ஃப்ரீசர் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஸ்வெட்டரைக் கழற்றினார். "ஆஹா, சொர்க்கம்" என்றார். அவள் மாவு கரைப்பதைக் காட்டினாள், காய்ச்சும் பக்குவத்தைக் காட்டினாள், கிராம்பு எண்ணெய் எப்போது விடுவது என்று காட்டினாள். தூரிகையை எப்படிப் பிடிப்பது, இலையை எந்த முனையிலிருந்து கிடத்துவது, மணல் மூட்டையை எங்கே வைப்பது எல்லாம் காட்டினாள்.

ஒன்றை மட்டும் காட்டவில்லை. காய்ச்சிய பசையை அன்றைக்கே தொடக்கூடாது. ஈரத்துணி போட்டு மூடி ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் மெல்லிய துணியில் இரண்டாம் தடவை வடிகட்ட வேண்டும். அது வாய் வரைக்கும் வந்தது. பிறகு எங்கோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அவள் வேண்டுமென்றே மறைத்தாளா? கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். சொல்லும்போது அவளே நம்பியும் இருப்பாள்.

அண்ணன் ஒட்டிய தாள்கள் உலர்ந்தபோது அப்பளம் மாதிரி நெளிந்தன. இலைக்கடியில் பசை கட்டி கட்டியாகத் துருத்தியது. மேடம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து வைத்தார்.

"பார்த்தியா? நான் சொன்னேன்ல. இந்தக் கை வேற யாருக்கும் வராது."

எத்தனையோ வருடங்களாகக் கேட்ட வாக்கியம். அன்றைக்குத்தான் அது அவள் காதில் சரியாக விழுந்தது. அவள் பூரிக்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல வைத்ததே அவள்தான். வெளியே நின்று பூட்டியவர் எவரும் இல்லை. சாவி அவள் இடுப்பிலேயே இருந்திருக்கிறது.

மேடம் போனதும் அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்வெட்டரைத் தேடினார்.

"உட்காருங்க அண்ணா" என்றாள். "நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"என் கை மோசம்தான். ஆனா இவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்கே நம்பிக்கை வரல தங்கச்சி." அவர் முகத்தில் கேலி இருந்தது, குத்தல் இல்லை. "நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீயாவது ஒரு நாள்ல சொல்லிட்ட. சரி, என்னது அது?"

சொன்னாள். சொல்லி முடித்ததும் கை காலெல்லாம் லேசாகிப்போனது. சந்தோஷத்தினாலா பயத்தினாலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அடுத்த முறை அண்ணன் ஒட்டிய தாள்களை மேடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கிளம்பு" என்றார்.

*

ஆனால் அப்பாவிடம் யார் சொல்வது?

அப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். வேலைக்காலம் முழுவதும் நின்றே கழித்ததில் முழங்கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. அவர்கள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. "ஊரையே மேல ஏத்தி இறக்கினேன், என்னை இறக்க ஆளில்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அவர் தெருவுக்கு இறங்கியதே இல்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, மகள் திரும்பி வரும் காலடிச் சத்தம். அவ்வளவுதான் அவருடைய நாள். தம்பி வேறு ஊரில் இருந்தான். போனில் மட்டும், "ஏதாவதுன்னா ஒரு வார்த்தை சொல்லுக்கா, பறந்து வந்துடறேன்" என்பான். சொன்னால் டிக்கெட் கிடைக்காது.

"எத்தனை நாளு?" என்றார் அப்பா, ரேடியோவைத் திருகியபடி.

"ஒரு வாரம், பத்து நாள் ஆகும்பா."

"ஓஹோ. போயிட்டு வா. நான் என்ன சின்னப் பிள்ளையா? பசிச்சா தண்ணி குடிச்சுப்பேன்."

"கீழ் வீட்டு அத்தை சமைச்சுக் கொடுக்கறேன்னாங்க. டீயும் போட்டுத் தருவாங்க."

"அந்தம்மா போடற டீயில மீன் வளர்க்கலாம்."

"அப்பா..."

"அப்படி என்ன செடி அது, நீ போய்ப் பார்த்தாத்தான் பூக்குமா?"

"ஆர்க்கிட்பா. மண்ணே கிடையாது. மரத்துல தொங்கிட்டு இருக்கும்."

"தொங்கறதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? இங்க ஒருத்தன் தொங்கிட்டிருக்கேன். என்னைப் பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவருக்கும் வந்தது, அவரும் அடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மரத்தை உறிஞ்சுமா அது?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கும். மழைத் தண்ணிதான் சாப்பாடு."

"அப்ப மரத்துக்கு நஷ்டமில்ல."

"இல்ல."

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் முதல் முழங்கால் வலி அதிகமாயிற்று. முன்பு அவள் தோழி கல்யாணத்துக்குக் கிளம்பியபோதும் இப்படித்தான் அதிகமாயிற்று. அதற்கு முன்பு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போக இருந்தபோதும். வலி பொய்யில்லை, கால் உண்மையாகவே வீங்கியிருக்கும். அதனால்தான் அவளால் கோபப்படக்கூட முடிந்ததில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே பையில் துணிகளை அடுக்கினாள். அப்பா ஒரு கண்ணால் பையைப் பார்த்துக்கொண்டே, "ஸ்ஸ்... அம்மா" என்றார்.

*

வேன் காலையில் வந்தது. காட்டான் முன்னால் உட்கார்ந்திருந்தார். செடிகளை வைத்து நசுக்கும் கட்டுச் சட்டங்களையும் செய்தித்தாள் மூட்டைகளையும் ஏற்றிவிடுவதற்காக ஃப்ரீசர் அண்ணனும் கூட வந்திருந்தார். பாதி வழியில் இறங்கி வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அவள் பையை வேனில் வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு வருவதற்காக மறுபடி மேலே ஓடினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். காலில் ஷூ. கழற்றி வைத்து வருஷக்கணக்காகத் தூசி படிந்திருந்த, வேலைக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்பு ஷூ. முகம் வியர்த்து வெளுத்திருந்தது. கைப்பிடிக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார்.

"என்னப்பா இது!"

"வழியனுப்பலாம்னு வந்தேன். இவ்வளவு தூரம் வந்துட்டேன். இப்ப ஏறவும் முடியல, இறங்கவும் முடியல."

கீழே ஹார்ன் அடித்தது. மழை பிடிக்கும் முன்னால் மலையடிவாரம் சேர வேண்டும், யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்று காட்டான் நேற்றே சொல்லியிருந்தார். அடுத்து நடக்கப்போவது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். படுக்க வைத்து, ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்து, அவர் கண்ணயரும் வரைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குள் வேன் போயிருக்கும். மேடம், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். அவள் கை அப்பாவின் தோளுக்குப் போய்விட்டது. பழகின கை.

அங்கேயே நின்றது.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. என்னை நிறுத்தத்தானே வந்தீங்க?"

அவர் ஷூவைப் பார்த்தார். மறுபடி ஹார்ன்.

"பாதி" என்றார்.

"மீதி?"

"மீதி... எனக்கும் தெருவைப் பார்க்கணும் போல இருந்துச்சு."

இத்தனை வருடங்களில் அவரிடம் அதை அவள் கேட்டதே இல்லை. மருந்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள், போர்வை வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள். தெரு வேண்டுமா என்று கேட்டதில்லை. மூன்றாவது மாடிதான் அவருக்கு நல்லது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

அவள் திரும்பி, மாடிப்படி இடுக்கின் வழியாகக் கீழே பார்த்து, அந்தக் கட்டடமே அதிரும்படி கத்தினாள்.

"அண்ணா! டிரைவரையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க! ஒரு ஆளை இறக்கணும்!"

கீழ் வீட்டு அத்தை கதவைத் திறந்து, விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, சமையலறையிலிருந்து மர நாற்காலியை இழுத்து வந்தாள். "இந்த வயசுல மாப்பிள்ளை ஊர்வலம் கேக்குது ஐயாவுக்கு!"

"உன் டீக்குப் பயந்துதான் ஓடறேன்" என்றார் அப்பா.

அப்பாவை உட்கார வைத்ததும் டிரைவர் நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார், ஃப்ரீசர் அண்ணன் முதுகுப் பக்கம். திருப்பங்களில் சுவரில் உரசி, "பார்த்து, பார்த்து, ஐயா கனமான சரக்கு" என்று அண்ணன் முனகிக்கொண்டே வர, நாற்காலி வாசலுக்கு வந்து சேர்ந்தது. தரைத்தளத்தில் தையல் கடை. தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்து, "அடடே, நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல் கேட்டார். கடையோரமாக நிழலில் இடம் ஒதுக்கினார்.

"திரும்ப எப்படிப்பா ஏறுவீங்க?"

"அது சாயங்காலத்துக் கவலை. நீ கிளம்பு. ஹார்ன் அடிச்சே தெருவைக் கிழிச்சுடுவான் போல இருக்கு அந்தத் தாடிக்காரன்."

வேன் நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

காட்டில் முதல் இரண்டு நாட்கள் அவள் தரையை மட்டுமே பார்த்தாள். வழுக்கல், அட்டை, வேர் தடுக்கல். ஆகாயம் என்று ஒன்று கிடையாது, இலைகளுக்கு மேல் இலைகள்தான். அடைத்த அறையிலிருந்து வந்தவளுக்கு இதுவும் ஒரு அறை போலவே இருந்தது. பச்சைச் சுவர், ஈரமான புழுக்கம். இதற்காகவா எல்லாவற்றையும் பணயம் வைத்தோம் என்று ஒருமுறை நினைத்தாள். அப்பாவை மேலே ஏற்றினார்களோ இல்லையோ? போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மூன்றாம் நாள் ஓடைக்கரையில் காட்டான் நின்று விரலை மேலே காட்டினார்.

ஓடைக்குக் குறுக்கே நீண்ட கிளையிலிருந்து அது தொங்கியது. பாசி படிந்த பட்டையில் வேர்கள் கொடி கொடியாக ஒட்டிப் படர்ந்திருந்தன. அங்கிருந்து இலைகள், மெல்லிய பச்சை விழுதுகள் போல, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, நுனியில் நீர்த்துளியோடு. நடுவில் பூங்கொத்து தலைகுப்புற. உதடுகளெல்லாம் இருக்க வேண்டிய பக்கம், ஓடையைப் பார்த்தபடி. அவள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்க. எந்தப் பக்கம் மேல?" என்றார் காட்டான்.

"அது புரிஞ்சுது சார். ஆனா இது ஆடுதே."

"ஆடாம? காத்தடிச்சா ஆடும்தான்."

அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவளுக்குப் பட்டது. இத்தனை காலம் கையாண்ட செடிகளில் எதுவும் ஆடி அவள் பார்த்ததில்லை. ஓடையின் காற்று வரும்போதெல்லாம் இலைகள் மொத்தமாக ஒருபக்கம் சாய்ந்து, தயங்கி, திரும்பி வந்தன. தலைகீழ் என்பதைத் திருத்திவிடலாம். இதை எந்தத் தாளில் எப்படி ஒட்டுவது?

காட்டான் கயிறு கட்டி ஏறி, வேரைக் கத்தியால் நெம்பி, ஒரு செடியை மட்டும் எடுத்துக் கீழே கொடுத்தார். அது குளிர்ந்து கனமாக இருந்தது. அவள் அதைச் செய்தித்தாளில் கிடத்தினாள். வேரை மேலே வைத்தாள். பூக்களைத் தொடவே இல்லை, விழுந்தபடி விட்டாள். மேலே இன்னொரு தாள், அட்டை, சட்டம். வார்ப்பட்டையைப் போட்டு இறுக்க வேண்டியது அவள்தான். பாதி இழுத்ததும் கை தயங்கியது. உள்ளே ஈரமாக எதுவோ நெரியும் மெல்லிய சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் இழுத்துக் கட்டினாள்.

மாலையில் பாறை மேட்டில் ஏறியபோது போனுக்கு உயிர் வந்தது. அத்தையின் குரல் சிதறிச் சிதறி வந்தது. அப்பா மேலே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம், தையல் கடையின் பின்னறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறாராம், பொத்தான் தைக்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டு தையல்காரரின் உயிரை வாங்குகிறாராம். கால்? கால் அப்படியேதான் வீங்கிக் கிடக்கிறதாம். அடுத்து மேடத்திடமிருந்து ஒரு செய்தி. 'தாள்கள் நன்றாக வருகின்றன. நீ அவசரப்பட்டு வர வேண்டாம்.'

அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அன்பாகச் சொன்னதா? நாற்காலி போய்விட்டது என்று நாசூக்காகச் சொன்னதா? எப்படிப் படித்தாலும் இரண்டும் தெரிந்தன.

"அடுத்த சரிவுல இன்னொரு ஜாதி இருக்கு. இன்னும் ஒரு வாரம் பிடிக்கும்" என்றார் காட்டான். "உங்களை நாளைக்கு வேன்ல அனுப்பிடவா? அங்க வேலை கிடக்குமே."

"அங்க வேலை நடக்குது சார்" என்றாள். "நானும் வரேன்."

வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. திரும்பிப் போனால் எங்கே உட்காருவாள், என்ன வேலை பார்ப்பாள், அப்பாவுக்குத் தரைத்தளத்தில் எங்கே வீடு தேடுவாள், ஒன்றும் தெரியாது. காட்டான் அவளுடைய யோசனையைக் கவனிக்கவில்லை. சட்டங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு, "மேல பார்த்துக்கிட்டே வராதீங்க, இறக்கம் மோசம்" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்க ஆரம்பித்தார்.

அவள் ஒரு கையால் கிளையைப் பற்றிக்கொண்டு, மறு காலை எங்கே வைப்பது என்று பார்த்தாள்.